மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களிடம் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. உலகத்தில் எதைக் கண்டாலும் அதை ஒரு கணக்காக மாற்றிப் பிள்ளைகளின் தலையில் கட்டிவிடுவார்கள். தொட்டியில் தண்ணீர் விழுந்தால் ஒரு கணக்கு. நாலு கொத்தனார்கள் சுவர் எழுப்பினால் ஒரு கணக்கு. ரயில் வண்டி பாலத்தைத் தாண்டினால் அதுவும் ஒரு கணக்கு. தண்ணீர் யாருக்காக, சுவர் எந்த வீட்டுக்கு, ரயிலில் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பதைப் பற்றி எந்தக் கணக்குப் புஸ்தகமும் கவலைப்பட்டதில்லை. நாமும் இருபது வருஷ காலமாக இந்தத் தொழிலையே செய்து வருகிறவர்களாகையால் இதில் பிறரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் நாம் கொடுத்த ஒரு கணக்கு நம்மையே திருப்பிக் கேள்வி கேட்டுவிட்டது. அந்தக் கதையை நேயர்களிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

அன்றைய பாடம் பூகோளம். அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஆரம்பித்தால் பிள்ளைகளின் கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகையால், "இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் எத்தனை தூரம், பறந்து போக எத்தனை நேரம் என்பதை எந்த இயந்திரத்தின் உதவியும் இல்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்" என்று ஆசை காட்டினோம். கண்கள் திறந்துகொண்டன. கரும்பலகையில் மேலே ஒரு புள்ளி வைத்து மீனம்பாக்கம் என்றும், கீழே ஒரு புள்ளி வைத்துப் பலாலி என்றும் எழுதினோம். மீனம்பாக்கம் சென்னையின் விமான நிலையம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலாலி என்பது இலங்கையின் வட கோடியில் யாழ்ப்பாணத்துக்கு உரிய விமான நிலையம்.

இந்த இரண்டு இடங்களையும் நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவை ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையின்மேல், ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மீனம்பாக்கம் கிழக்கே 80 பாகை 10 கலை. பலாலி 80 பாகை 4 கலை. வித்தியாசம் 6 கலைதான். மீனம்பாக்கத்தில் சூரியன் உச்சிக்கு வந்து 24 விநாடி கழித்துப் பலாலியில் உச்சிக்கு வந்துவிடுகிறான். இப்படி நேர் தெற்காக அமைந்த இரண்டு ஊர்களுக்குக் கணக்குப் போடுவதைப் போலச் சுலபம் வேறில்லை. மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12 பாகை 59½ கலை. பலாலியின் அட்சரேகை 9 பாகை 47½ கலை. கழித்தால் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை வீதம் மொத்தம் 192 கலை ஆயிற்று.

இங்கேதான் மாலுமிகளின் புத்திசாலித்தனத்தை மெச்ச வேண்டும். வடக்குத் தெற்காக ஒரு கலை நகர்ந்தால் எத்தனை தூரமோ அதையே அவர்கள் ஒரு கடல் மைல் என்று வைத்துக்கொண்டார்கள். 1,852 மீட்டர் ஒரு கடல் மைல். கப்பல் ஓட்டியவர்களிடமிருந்து இந்த அளவை விமானம் ஓட்டுகிறவர்கள் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே 192 கலை என்றால் 192 கடல் மைல். பெருக்கிப் பார்த்தால் சுமார் 355 கிலோமீட்டர். நம் தாத்தாக்கள் பழகிய மைலில் 221. சென்னையிலிருந்து ரயிலில் திருச்சிக்குப் போகிறவர் கடக்கும் தூரத்தைவிட இது வெகு அதிகமில்லை என்று சொன்னால் பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்த மார்க்கத்தில் பறப்பவை பெரும்பாலும் இரண்டு சுழல்விசிறிகள் பூட்டிய, எழுபது எண்பது பேர் ஏறக்கூடிய ஏ.டி.ஆர். விமானங்கள். உயரத்தில் நிலைத்துப் பறக்கும்போது இவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 270 கடல் மைல். 192ஐ 270ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 42 நிமிஷம் 40 விநாடி. விடையைக் கட்டம் கட்டி, சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு திரும்பினோம்.

கடைசி பெஞ்சுக்கு முந்திய பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்றான். அதிகம் பேசாத பிள்ளை.

"சார், விடை தப்பு" என்றான்.

"எங்கே தப்பு? கழித்தலிலா, வகுத்தலிலா?"

"அது தெரியாது, சார். எங்கள் அம்மம்மா போனபோது மூன்று நாள் ஆயிற்று."

வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. மணியும் அடித்துவிட்டது.

* * *

விடை தப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியது உபாத்தியாயரின் கடமை. முதலில் விமானக் கம்பெனியின் கால அட்டவணையைப் பார்த்தோம். சுமார் ஒன்றேகால் மணி என்று அதில் கண்டிருந்தது. நம் கணக்கைவிட அரை மணிக்கு மேல் அதிகம்! ஆகப் பையன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

இந்த அரை மணி எங்கே போயிற்று என்பதை நேயர்களும் தெரிந்துகொள்வது நல்லது. விமானக்காரர்கள் நேரத்தைக் கணக்கிடுவது, நின்ற இடத்திலிருந்து சக்கரம் அசைந்தது முதல், போன இடத்தில் சக்கரம் ஓய்ந்தது வரையில். அசைந்த விமானம் உடனே பறந்துவிடுவதில்லை. ஓடுபாதையின் முனைவரையில் மாட்டு வண்டியைப் போல நிதானமாக ஊர்ந்து செல்ல வேண்டும். அங்கே தனக்கு முன் வந்து நிற்பவர்களுக்கு வழிவிட வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையைப் பார்த்துத்தான் எழும்ப வேண்டும். மேல்காற்று அடிக்கும் நாளில், தெற்கே போக வேண்டிய விமானம் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு வளைந்து திரும்புகிறது. உயரம் ஏறுகிற நேரத்தில் முழு வேகம் கிடையாது. இறங்குகிற நேரத்திலும் கிடையாது. இறங்குமிடத்தில் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர மறுபடியும் ஒரு வளைவு. இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒன்றேகால் மணி.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்து, வந்ததோடு அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அநேகமாக அட்டவணையை ஒட்டி வந்துவிடும். தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு இந்த அரை மணியின் பாரம் அதிகம் என்பதும் விளங்கும். லண்டனுக்குப் போகிறவருக்கு அது ஊறுகாய் மாதிரி. யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கோ அது பாதிச் சாப்பாடு.

இதற்கும் மேல், பிரயாணியின் நேரம் ஒன்று தனியாக இருக்கிறது. வெளிநாட்டுப் பிரயாணமாகையால் விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வந்துவிடும்படி சொல்கிறார்கள். மூட்டை நிறுக்க ஒரு வரிசை, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. அக்கரையிலும் முத்திரைக்கும் மூட்டைக்கும் நின்றுவிட்டு, பலாலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் தரை வழியாகப் போக வேண்டும். ஆக, 42 நிமிஷத்துத் தூரத்துக்கு வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு ஆறு, ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியே வைத்துக்கொண்டாலும் மூன்று நாள் எப்படி ஆகும்? நமக்கு மனம் சமாதானப்படவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பையனின் வீட்டுக்கே போய்விட்டோம்.

* * *

அம்மம்மா என்பது தாயைப் பெற்ற தாய். வயது எழுபத்தேழு. பற்கள் இல்லாவிட்டாலும் ஞாபகம் முழுவதும் இருக்கிறது. நம்மைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். தடுத்து உட்கார வைத்தோம். பலாலியை அடுத்த மயிலிட்டியில் பிறந்தவர். சிறு வயதில் விமானம் எழும்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவாராம்.

"1968ஆம் ஆண்டு, மாஸ்டர். எனக்குக் கலியாணம் பேசியிருந்தது. கூறைச்சேலை எடுக்க அய்யாவும் அண்ணையும் நானும் பலாலியிலே பிளேன் ஏறினோம். வீட்டிலே காலைச் சாப்பாடு. மத்தியானம் பட்டணத்துக் கடையிலே நிற்கிறோம். அண்ணை எல்லாச் சேலையையும் விரிக்கச் சொல்லிக் கடைக்காரனைக் கொன்றுபோட்டார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. பலாலி விமானத் தளம் இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையினரால் போடப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு அது ஜனங்களுக்குப் பயன்பட்டது. 1947ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 10ஆம் தேதி, நம் தேசம் சுதந்திரம் பெற்று நாலு மாதங்கூட ஆகாத சமயத்தில், இலங்கை தன் முதல் விமான சேவையை ஆரம்பித்தது. கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து எழும்பிய ஏர் சிலோன் டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலித் தளத்தில், இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சீதாதேவி! இராமாயணம் படித்தவர்கள் இந்தப் பெயரின் பொருத்தத்தை எண்ணி மகிழாமல் இருக்க முடியாது. இலங்கையிலிருந்து ஆகாய மார்க்கமாகப் பாரத தேசத்துக்கு வர அதைவிடத் தகுந்த பெயர் ஏது?

டக்கோட்டாவின் வேகம் மணிக்குச் சுமார் 155 கடல் மைல். 192 கடல் மைலைக் கடக்க ஆகாயத்தில் அதற்குச் சுமார் ஒன்றேகால் மணி பிடித்திருக்கும். இன்றைய அட்டவணையிலும் ஒன்றேகால் மணி என்றுதானே பார்த்தோம்? இடையில் உலகம் சந்திரனுக்குப் போய்த் திரும்பிவிட்டது. இந்த மார்க்கத்தில் பிரயாணம் செய்கிறவர் மிச்சம் பிடித்ததோ கொஞ்ச நிமிஷந்தான்.

அந்த நிமிஷங்களாவது தொடர்ந்து கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1978ஆம் வருஷத்தோடு ஏர் சிலோன் மறைந்தது. பலாலிக்கும் நம் தேசத்துக்கும் இடையே இருந்த விமானப் போக்குவரத்தும் நின்றது. 1983க்குப் பிறகு இலங்கையில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் ஜனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு அந்த நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வேலிக்குள் அடைபட்டன. யுத்தம் 2009ஆம் வருஷம் மே மாதத்தில் முடிந்தது. மயிலிட்டித் துறைமுகம் ஜனங்களிடம் திரும்பியது 2017ஆம் வருஷம் ஜூலை மாதத்தில். சொந்த ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் முகாம்களில் குடியிருந்த மயிலிட்டிக்காரர்கள் அந்தப் பத்துக் கிலோமீட்டரைக் கடக்க இருபத்தேழு வருஷம் காத்திருந்தார்கள். நிலம் முழுவதும் அதன் பிறகும் கிடைத்துவிடவில்லை.

அம்மம்மா 1990இல் தம் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னார் வரையில் நடந்தும் வண்டியிலும் போய், ஓர் இரவு படகு ஏறி இராமேசுவரம் வந்து சேர்ந்தவர். மயிலிட்டியிலிருந்து சென்னைக்கு வர அந்தத் தடவை அவருக்குப் பதினொரு நாள் ஆயிற்றாம். கூறைச்சேலை எடுத்துக் கொடுத்த அண்ணன் மட்டும் ஊரை விட்டுப் பெயர மறுத்து உரும்பிராயிலேயே இருந்துவிட்டார்.

* * *

கடிகாரமும் இந்த இரண்டு கரைகளோடு சில காலம் விளையாடியது. 24 விநாடி வித்தியாசமுள்ள இரண்டு ஊர்களுக்கு ஒரே மணிதான் இருக்க வேண்டும். வெகு காலம் அப்படியே இருந்தது. 1996ஆம் வருஷம் மே மாதத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கத்துடன் இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிற்று. அதே வருஷம் அக்டோபரில் அரை மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த அரை மணி வித்தியாசம் 2006ஆம் வருஷம் ஏப்ரல் வரையில் நீடித்தது. விடுதலைப் புலிகளின் வசம் இருந்த வடக்குப் பகுதிகளில் பழைய மணியையே வைத்திருந்தார்கள். ஒரே தீவில் ஒரு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் வேறு மணி!

2019ஆம் வருஷம் அக்டோபர் 17ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. அன்று முதல் விமானம் சென்னையிலிருந்து போய் இறங்கிற்று. 41 வருஷங்களுக்குப் பிறகு மார்க்கம் திறந்தது என்று பத்திரிகைகள் எழுதின. நவம்பர் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை ஒழுங்கான சேவை நடந்தது. ஓடுபாதை நீளம் போதாததால் பெரிய ஜெட் விமானங்களுக்கு இடமில்லை. சுழல்விசிறி விமானமே போய் வந்தது. போகட்டும், அதுவாவது போயிற்றே என்று அக்கரையிலும் இக்கரையிலும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் நாலு மாதம். 2020ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்று வந்து உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் நிறுத்தியது. தொற்றுத் தணிந்து மற்ற மார்க்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்ட பிறகும் பலாலி மார்க்கம் திறக்கவில்லை. 2022ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 12ஆம் தேதிதான் மறுபடியும் விமானம் போயிற்று.

அம்மம்மாவின் அண்ணன் காலமானது அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஜூலை மாதத்து முதல் வாரத்தில்.

* * *

அந்தப் பிரயாணத்தை அவர் சொல்லக் கேட்டதை அப்படியே கணக்காகத் தருகிறோம். செவ்வாய்க்கிழமை காலை டெலிபோனில் செய்தி வந்தது. நேர் விமானம் இல்லை. கொழும்பு வழியாகத்தான் போக வேண்டும். அன்றிரவு கொழும்பு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. புதன்கிழமை இரவு கிடைத்தது. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் சுமார் 645 கிலோமீட்டர். அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே இன்னும் 290 கிலோமீட்டர் போய் இறங்குவது. இறங்கியபின் அங்கிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தரை மார்க்கமாகத் திரும்பி வர வேண்டும். ஆகாயத்தில் 355 கிலோமீட்டரில் முடிய வேண்டிய பிரயாணம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது.

அந்த வாரம் இலங்கையில் வண்டிகளுக்குப் பெட்ரோல் இல்லை. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஜூன் 28ஆம் தேதி முதல் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதையே அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. வாடகை மோட்டார் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. நடுநிசியில் இறங்கியவர் விடியும்வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, வியாழக்கிழமை காலை யாழ்ப்பாணம் ரயிலில் ஏறினார். மோட்டார் ஓடாத நாளில் ரயிலில் கூட்டம் எப்படி இருக்கும்? யாரோ ஒரு வாலிபன் எழுந்து இடம் கொடுத்தானாம். அவன் சிங்களப் பிள்ளை என்றும், அவனோடு பேசப் பாஷை இல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். வியாழக்கிழமை மாலை உரும்பிராய் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வாசலில் கட்டியிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் புதன்கிழமை பிற்பகலே தகனம் செய்துவிட்டார்கள். எண்பத்து நாலு வயது உடம்பை எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்?

"முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை, மாஸ்டர். செருப்பு மட்டும் வாசலிலே கிடந்தது" என்றார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளை பக்கத்திலிருந்து நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் சொன்ன மூன்று நாள், செவ்வாய் காலையிலிருந்து வியாழன் மாலை வரையில், சரியாகவே இருந்தது.

* * *

2024ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தினசரி விமானம் வந்தது. 2025ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் திருச்சியிலிருந்தும் ஒரு சேவை ஏற்பட்டது. கடல் மார்க்கத்தில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023ஆம் வருஷம் அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024ஆம் வருஷம் ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. 60 கடல் மைலை அது சுமார் நாலு மணி நேரத்தில் கடக்கிறது. இவை எல்லாம் நல்ல செய்திகளே. ஆனால் ஆரம்பித்த தேதிகளை மட்டும் எழுதிவிட்டு, நின்ற தேதிகளை மறந்துவிட்டால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

ஆள் சேராத மார்க்கத்தில் எந்தக் கம்பெனிதான் நஷ்டத்துக்கு விமானம் விடும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதற்கு ஸ்காத்லாந்துக்காரர்கள் கண்டிருக்கும் பதிலைச் சொல்கிறோம். அந்த நாட்டுக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் வெஸ்ட்ரே என்ற தீவுக்கும் பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கும் நடுவில் 1967ஆம் வருஷம் முதல் விமானம் போய் வருகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் கண்ட நேரம் இரண்டு நிமிஷம். உலகத்தில் ஒழுங்காக நடக்கும் விமான சேவைகளில் இதைவிடக் குறுகியது வேறு இல்லை. சிறு விமானம், எட்டுப் பேர் ஏறினால் நிரம்பிவிடும். உபாத்தியாயர்களும், வைத்தியர்களும், வைத்தியம் செய்துகொள்ளப் போகிறவர்களும் அதில் ஏறுகிறார்கள். லாபம் பார்த்து நடத்தினால் அது ஒரு மாதம் நிலைக்காது. ஜனங்களுக்கு இன்றியமையாதது என்று கருதி, பொதுப் பணத்திலிருந்து கொடுத்து நடத்துகிறார்கள். சில நூறு பேர் கூட இல்லாத தீவுக்கு அவர்கள் இதைச் செய்யக்கூடுமானால், லக்ஷக்கணக்கான ஜனங்களுக்கு இரு கரையிலும் உற்றார் உறவினர் இருக்கும் மார்க்கத்துக்கு இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஏன் செய்யக்கூடாது? கூட்டம் குறைந்த மாதத்திலும் வாரத்துக்குச் சில விமானங்களாவது கட்டாயம் போய் வரும் என்று ஓர் உறுதி ஏற்பட்டால் போதும். சாவும் பிரசவமும் கம்பெனியின் லாப காலத்தைப் பார்த்து வருவதில்லை அல்லவா?

அடுத்த வகுப்பில் அந்தக் கணக்கை மறுபடியும் எடுத்துக்கொண்டோம். பையன் சொன்னது சரி என்று எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டோம். 42 நிமிஷம் 40 விநாடி என்பது விமானத்தின் வேகத்தைக் கொண்டு போட்ட விடை. ஒன்றேகால் மணி என்பது கம்பெனியின் விடை. ஏழு மணி நேரம் என்பது பிரயாணியின் விடை. மூன்று நாள் என்பது மார்க்கம் அடைபட்டிருந்தபோது ஒரு கிழவி கண்ட விடை. தூரம் நாலிலும் 192 கடல் மைல்தான். நாலையும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதினோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "பரீக்ஷையில் எந்த விடையை எழுத வேண்டும், சார்?" என்று மட்டும் கேட்டாள். முதல் விடையை எழுதினால் மார்க்கு உண்டு என்றோம். மற்ற மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம்.

அன்று மாலை அம்மம்மாவிடம் விடைபெறும்போது நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறோம். 2025ஆம் வருஷம் ஆனி மாதம் அண்ணனின் திவசத்துக்கு அவர் நேர் விமானத்தில் போய் வந்தாராம். ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இறங்குகிற சமயத்தில் வேலிக்குள்ளே தம் வீட்டுக் கிணறும் பனைகளும் இருக்குமிடம் தெரிகிறதா என்று தேடினாராம். கண் சரியாகத் தெரியாததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். காலையில் சென்னையில் புறப்பட்டவர் இரவுச் சாப்பாட்டுக்கு உரும்பிராயில் இருந்தார்.

"வருகிற ஆனிக்கும் போக வேணும், மாஸ்டர். அதுவரைக்கும் இந்தப் பிளேன் ஓடுமோ?" என்று கேட்டார்.

அட்சரேகையைக் கழித்து, வேகத்தால் வகுத்துச் சொல்லக்கூடிய விடையாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்போம்.